திருகாணியில் உப்பு

பன்னிரண்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அதற்கிடையில் ஒரு நல்ல கொம்பியூட்டர் கிடைத்தால் கிறிஸ்ரோபர் குருநகரிலேயே இருப்பான். கிடைக்காவிட்டால் பிரான்சுக்குப் போய்விடுவான். கட்டின புருஷனையும் கடையில் விற்கிற கொம்பியூட்டரையும் ஒரே தராசில் வைக்கிற விதி வேறு யாருக்காவது வந்ததோ என்னவோ, லவீனாவுக்கு வந்திருந்தது. அதுவும் மூன்று கடை ஏறி இறங்கி, ஸ்ரான்லி வீதியில் நாலாவது கடையின் வாசலில், வெயில் மண்டையைப் பிளக்க நிற்கிற நேரத்தில்.

சங்கதி இதுதான். லவீனா வீட்டு அறைக்குள் இருந்துகொண்டே வீடியோ எடிட் பண்ணுகிறவள். கலியாணம், முதல்நன்மை, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் அவளுடைய பழைய லப்டொப்புக்குள் போய், வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, கனடாவில் இருக்கிற மாமியும் லண்டனில் இருக்கிற சித்தப்பாவும் பார்த்துக் கண்ணைத் துடைக்கிற மாதிரி வெளியே வரும். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் இப்போது கமெராக்காரர் ஒரு கலியாணத்துக்கு மூன்று கமெராவோடு வந்து மலை மாதிரிப் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். அந்தப் பாரத்தை லப்டொப் இழுக்காது. பாதியில் சூடேறி, மூச்சடைத்து, செத்துப்போகும். அதைப் பிறகு எழுப்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டவுனில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற றொகான் அவளுடைய வேலையைப் பார்த்துவிட்டு, மாதம் முழுக்கத் தன்னுடைய வேலைகளைத் தருவதாகச் சொல்லியிருந்தான். ஒரே ஒரு நிபந்தனை. திங்கட்கிழமைக்கிடையில் ஒழுங்கான கொம்பியூட்டர் ஒன்று அவள் வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பான். என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு கலியாண அழைப்புக் காட்டின் பின்பக்கத்தில் அவனே எழுதியும் கொடுத்திருந்தான். அந்தக் காட்டை இரண்டு நாளாகக் கையில் பிடித்துப் பிடித்து, பொம்பிளை மாப்பிள்ளையின் பெயர்கள் வியர்வையில் அழிந்துபோயிருந்தன.

மறுபக்கம் பிரான்சுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் தன்னுடைய பட்டியலை மூடுகிறார். வாறீரா இல்லையா, ஒரு சொல் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்ததோ படகு விற்ற காசு மட்டும். அது இரண்டு பக்கமும் போகாது. புதன்கிழமை பின்னேரம் சண்டை பிடித்துக் களைத்த பிறகு கிறிஸ்ரோபர்தான் ஒரு முடிவு சொன்னான். சனிக்கிழமை பன்னிரண்டுக்கு முதல் நல்ல சாமான் கிடைத்தால் வாங்குவம், கிடைக்காட்டி நான் போறன். அதைச் சொல்லிவிட்டு வாயை மூடியவன்தான், இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை.

ஆம்பிளைகளின் மௌனம் இருக்கிறதே, அதைப் போலக் கரைச்சல் பிடித்த சாமான் உலகத்தில் வேறு இல்லை. கத்தினால் திருப்பிக் கத்தலாம். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினால் தள்ளின குற்றத்தைச் சொல்லி அழலாம். ஒன்றும் கதையாமல் கோயில் சுருவம் மாதிரி நிற்கிற மனுசனை என்ன செய்கிறது? அவனுக்குப் போக விருப்பமா, இருக்க விருப்பமா என்று லவீனாவுக்கு உண்மையாகவே தெரியாது. ஒரு முறை மட்டும், மூன்று மாதத்துக்கு முதல் படகு விற்ற கிழமை, பொம்பிளையின் உழைப்பில் குந்தியிருந்து தின்னத் தன்னால் ஏலாது என்று சுவரைப் பார்த்துச் சொல்லியிருந்தான். அந்த ஒரு வசனம் அவள் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது.

இன்றைக்கும் விடியப்புறமே கரைக்குப் போய்விட்டான். படகை விற்ற பிறகு மற்றவர்களின் படகுகளுக்குப் பின்னால் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின்களைத் திருத்திக் கொடுப்பதுதான் அவனுடைய தொழில். யாருடையதோ எஞ்சின் நின்றுபோய், அதைக் கழற்றிப் பூட்டி, நேரம் போனதே தெரியாமல் நின்றவனை லவீனா மூன்று தரம் போன் அடித்துத்தான் வரவழைத்தாள். பழைய சாரத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏறினான். வேண்டுமென்றே நேரம் கடத்துகிறானோ என்ற ஐமிச்சம் அப்போதே அவளுக்குள் விழுந்துவிட்டது.

முதல் கடையில் கிராஃபிக்ஸ் காட் இல்லை. இரண்டாவது கடையில், கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தர இரண்டு கிழமை செல்லும் என்றார்கள். மூன்றாவது கடை பூட்டு. ஒவ்வொரு கடையிலிருந்தும் இறங்கும்போதும் கிறிஸ்ரோபர் மணிக்கூட்டைப் பார்த்தான். நேரம் போகிறதே என்று பார்க்கிறானா, போய் முடியட்டும் என்று பார்க்கிறானா?

நாலாவது கடைக்காரனுக்குப் பெயர் ஜெயதீபன். முப்பது வயது இருக்கும். கண்ணாடி போட்ட, வாய் ஓயாத பொடியன். லவீனா காட்டை நீட்டியதும் மேலிருந்து கீழே வாசித்தான், பிறகு கீழிருந்து மேலே வாசித்தான். உள்ளே போய், ஒரு சின்ன அலுமாரி அளவில் பக்கமெல்லாம் கண்ணாடி போட்ட பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆளியைப் போட்டதும் அதற்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக வெளிச்சம் சுழன்றது, திருவிழாவில் சுருவம் வைத்துத் தூக்குகிற கூட்டுக்கு லைற் போட்ட மாதிரி.

லவீனா அந்த வெளிச்சத்துக்கு மயங்கவில்லை. உள்ளே இருக்கிற புரோசெசர் எது என்று கேட்டாள். றாம் எவ்வளவு என்று கேட்டாள். கேட்கக் கேட்க ஜெயதீபனின் குரல் மெல்ல இறங்கியது. இது விளையாடுகிற பொடியள் விரும்பி வாங்குகிறது, வீடியோ வேலைக்கு றாம் காணாதுதான் என்று ஒத்துக்கொண்டான். லைற்றுக்குக் கொடுக்கிற காசை றாமுக்குக் கொடுங்கோ என்று அவள் சொல்ல, பக்கத்தில் பிரிண்டருக்கு மை வாங்க வந்து குடையோடு நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டா.

அப்போதுதான் அவன் மற்றப் பெட்டியைக் காட்டினான். கறுப்பு. ஒரு சோடனையும் இல்லை. வேறு ஒருவர் சொல்லி அடுக்கினதாம், அவருக்குத் திடீரென்று கொழும்புக்கு வேலை மாறி, எடுக்காமலே போய்விட்டாராம். றாம் முப்பத்திரண்டு. வேகமான டிஸ்க் ஒன்று, படங்களைச் சேமிக்கப் பெரிய டிஸ்க் ஒன்று. தனியாக மெமரி உள்ள கிராஃபிக்ஸ் காட். கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்குகிற யூ.பி.எஸ். லவீனா காட்டில் எழுதியிருந்ததை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது.

கிறிஸ்ரோபர் கறுப்புப் பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். பெட்டி வந்த மட்டைப் பெட்டி ஏற்கெனவே வெட்டித் திறந்திருப்பதைக் குனிந்து பார்த்தான். ஒரு "ம்" மட்டும் சொன்னான்.

லவீனா சும்மா வாங்கிக்கொண்டு போகிறவள் அல்ல. தோள்பைக்குள் ஒரு ஹாட்டிஸ்க் கொண்டுவந்திருந்தாள். அதில் சின்னக்கடைப் பக்கத்துக் கலியாணம் ஒன்றின் துண்டு இருந்தது. பொம்பிளை கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடந்து வருகிற ஆறு நிமிஷம். மூன்று கமெரா. லப்டொப் ஒவ்வொரு முறையும் செத்தது இந்த ஆறு நிமிஷத்தில்தான், அதுவும் சொல்லிவைத்த மாதிரி அறுபத்துமூன்று வீதத்தில். அந்தப் பொம்பிளை பீடத்துக்குப் போய்ச் சேர்ந்ததை லவீனாவின் லப்டொப் ஒரு நாளும் கண்டதில்லை. இதை இங்கேயே, என் கண்ணுக்கு முன்னால் ஓட்டிக் காட்டுங்கோ என்றாள். ஜெயதீபன் முகத்தைச் சுளிக்காமல் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். அதற்கே அரை மணித்தியாலம் போய்விட்டது. கிறிஸ்ரோபரின் சட்டைப் பைக்குள் போன் ஒரு முறை அதிர்ந்து நின்றது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

பதினொன்று இருபதுக்கு ஓடத் தொடங்கியது. பத்து வீதம். இருபது. லவீனா கதிரையின் நுனியில் இருந்தாள். முப்பத்தெட்டு. மின்விசிறி உள்ளே மெல்ல உறுமியது. ஐம்பது. அவள் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள், இளஞ்சூடுதான். அறுபது. குடை அம்மாவும் மை வாங்கின பிறகு போகாமல் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று. எண் அங்கேயே நின்றது. ஒரு செக்கன், இரண்டு செக்கன். பிறகு அறுபத்துநான்கு வந்தது.

நூறு வந்ததும் அந்தப் பொம்பிளை பீடத்தடிக்குப் போய் நின்றாள். லவீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருத்தியின் கலியாணத்தைப் பார்த்து, பட்டப்பகலில், கடைக்குள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிறிஸ்ரோபரைத் திரும்பிப் பார்த்தாள். இனி என்ன சொல்வான், பார்ப்போம் என்று.

கிறிஸ்ரோபர் மூன்று நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தான்.

"தம்பி, உதைக் கழற்றிக் காட்டுமன்."

ஜெயதீபனுக்கு விளங்கவில்லை. எல்லாம் ஓடுகிறதே, இனி என்னத்துக்குக் கழற்றுகிறது என்றான். கிறிஸ்ரோபர் மேசையில் கிடந்த ஸ்குறூட்றைவரைக் கையில் எடுத்தான். பின்பக்க மூலையில் இருந்த ஒரு திருகாணியைச் சுழற்றினான். அது கடுகு கொஞ்சம் பெருத்த மாதிரி, விரல் நுனிக்குள் ஒளிந்துகொள்கிற அளவு. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான். பிறகு அதை நாக்கில் வைத்தான்.

குடை அம்மா வாயைப் பொத்தினா. ஜெயதீபன் கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் போட்டான். லவீனாவுக்கு மட்டும் கிறிஸ்ரோபர் செய்கிறது என்னவென்று தெரியும். கரையில் பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். பழைய எஞ்சின் வாங்கப் போனால் உள்ளே இருக்கிற ஆணி ஒன்றைக் கழற்றி நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பார்கள். கரித்தால் அது கடலுக்குள் மூழ்கிப்போன எஞ்சின். தண்ணி குடிச்சது என்பார்கள். கழுவித் துடைத்துப் பெயின்ற் அடித்து வைத்திருந்தாலும் ஆணியின் புரிக்குள் இருக்கிற உப்பு காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சின் கரையில் நன்றாக ஓடும். காலை வாருகிறது நடுக்கடலில்தான்.

கிறிஸ்ரோபர் அந்தச் சோதனையை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் செய்யாமல் விட்டான். விற்றவர் அவனுடைய ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்தின மனுசனுக்கு முன்னால் ஆணியைக் கழற்றி நக்குகிறது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டான். மூன்றாம் பயணத்தில் எஞ்சின் நின்றது. அவனும் தம்பி டினேசும் ஒன்றரை நாள் கடலில் இழுபட்டுத் திரிந்தார்கள். கரைக்கு வந்த பிறகு டினேஸ் கடல் பக்கமே போகவில்லை. தனியாகத் தொழில் செய்ய ஏலாமல்தான் படகு விலைப்பட்டது. அதற்குப் பிறகு கிறிஸ்ரோபர் ஒருவரையும் நம்புகிறதில்லை.

"கரிக்குது," என்றான் அவன். "உது தண்ணி குடிச்ச சாமான்."

ஜெயதீபன் முதலில் சிரித்தான். பிறகு முகம் சிவந்தது. அந்தப் பெட்டி கொழும்பிலிருந்து வந்து இந்த மேசையில்தான் உடைத்தது, தானே தன் கையால் அடுக்கினது, கடல் எங்கே, இது எங்கே என்றான். கிறிஸ்ரோபர் இரண்டாவது திருகாணியைக் கழற்றினான். அதே மாதிரி விரலுக்குள் உருட்டி, நாக்கில் வைத்தான். தலையை ஆட்டினான். மூன்றாவதும் கரித்தது. இது வெள்ளத்திலோ கடலிலோ கிடந்து எடுத்து, உள்ளுக்குள் துடைத்து, மூடி புதுசு போட்டு விற்கிற சாமான் என்றான். குரல் உயரவில்லை. சுவரில் மணிக்கூடு பதினொன்று முப்பத்தைந்து காட்டியது.

லவீனா திரையைப் பார்த்தாள். ஓடிக் காட்டியிருக்கிறது. அறுபத்துமூன்று வீதத்தைத் தாண்டியிருக்கிறது. பொம்பிளை பீடத்தடிக்குப் போய்விட்டாள். மூன்று நாளாக வாய் திறவாதவன், எல்லாம் சரிவந்த இந்த நிமிஷத்தில், நேரம் முடியக் கொஞ்சம் இருக்கிறபோது, திறக்கிறான். திறந்து சொல்கிறது இது. அவள் அவன் கையிலிருந்த ஸ்குறூட்றைவரைப் பறித்தாள்.

பெட்டியின் பக்கத் தகட்டை ஜெயதீபன் கழற்றிக் கொடுத்தான். லவீனா உள்ளே, கிறிஸ்ரோபரின் விரல் எட்டியிராத ஒரு மூலையில், பச்சைத் தகட்டைப் பிடித்திருந்த திருகாணியைச் சுழற்றினாள். ஸ்குறூட்றைவர் இரண்டு தரம் வழுக்கியது. கரித்தால் அவள் புருஷன் உண்மை சொல்கிறான், ஆனால் கொம்பியூட்டர் இல்லை, அவன் போய்விடுவான். கரிக்காவிட்டால் அவன் பொய் சொல்கிறான், போவதற்காகவே பொய் சொல்கிறான். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்குத்தான். மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு திருகாணியை நாக்கில் வைத்தாள்.

இரும்பு. வெறும் இரும்பு. கிணற்றுத் தண்ணீர் குடித்த தகரப் பேணியின் ருசி. உப்பு என்பது ஒரு துளியும் இல்லை.

"கரிக்கேல்லை," என்றாள். "இஞ்சேருங்கோ, ஏன் உப்பிடிச் செய்யிறியள்? போகவேணுமெண்டால் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. இந்தப் பொடியனைக் கள்ளனாக்கி, என்னை விசரியாக்கி, உப்பிடி ஒரு சாட்டுச் சொல்லிப் போகவேணுமோ?"

தெருவில் ஒரு ஓட்டோ போனது. குடை அம்மா போத்தல் மையைக் கையில் உருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தா. சொன்ன பிறகுதான் லவீனாவுக்குத் தான் சொன்னது முழுக்க விளங்கியது. மூன்று நாள், இல்லை, மூன்று மாதம் உள்ளுக்குள் அடக்கி வைத்தது எல்லாம், முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் கொட்டுப்பட்டுவிட்டது.

கிறிஸ்ரோபர் அவளைப் பார்த்தபடி நின்றான். கோபப்படவில்லை. அவள் கையிலிருந்த அந்தத் திருகாணியையே வாங்கினான். விரலுக்குள் பிடித்து நாக்கில் வைத்தான். முகம் சுருங்கியது. திரும்பவும் வைத்துப் பார்த்தான்.

"கரிக்குதடி," என்றான். "சத்தியமாய்க் கரிக்குது. நான் பொய் சொல்லேல்லை. காசு போனால் போகட்டும். நீ ராப்பகலாய்க் கிடந்து வேலையை முடிக்கிற நேரம் உது நிண்டால், பிறகு உனக்கும் நடுக்கடல்தான். அதுக்குத்தான் பாத்தனான்."

லவீனாவுக்கு அவனுடைய பொய் முகம் தெரியும். குடித்துவிட்டு வந்து குடிக்கவில்லை என்று சொன்ன நாட்களில் கண்டிருக்கிறாள். பொய் சொன்னால் அவன் காதைச் சொறிவான், கூரையைப் பார்ப்பான். இப்போது அவன் அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான், கணக்குப் பிழைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. உண்மையாகவே அவனுக்குக் கரிக்கிறது. அதே திருகாணி அவளுக்குக் கரிக்கவில்லை. ஒரே ஆணி எப்படி இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருக்கும்?

அப்போதுதான் அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் திருகாணியைப் பிடித்தபடி இருந்தன. நகத்தைச் சுற்றி எண்ணெய்க் கறுப்பு. வெடிப்புகளுக்குள், மெல்லிய நூல் மாதிரி, வெள்ளைக் கோடுகள். விடியப்புறத்திலிருந்து கடல் தண்ணீருக்குள் எஞ்சின் பிடித்த கை. சாரத் துண்டில் துடைத்ததோடு சரி, அதற்குப் பிறகு தண்ணீர் பட்டதில்லை. எஞ்சின் ஆணி என்றால் பெரிது, குறட்டால் இறுக்கிப் பிடித்து நுனியை மட்டும் நக்குவான். இந்தக் கடுகைப் பிடிக்க எந்தக் குறடு? விரலால்தான் பிடித்தான், விரலால்தான் உருட்டினான்.

அவள் அவனுடைய வலக்கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்துக்குக் கொண்டுவந்தாள். ஜெயதீபன் நிற்கிறான், குடை அம்மா நிற்கிறா, யாழ்ப்பாணத்து நடுக் கடைத்தெரு, கண்ணாடிக் கதவு. எல்லாம் தெரியும். அவனுடைய சுட்டுவிரலைத் தன் நாக்கில் வைத்தாள்.

உப்பு. நாக்கு எரிகிற அளவுக்கு உப்பு. எண்ணெயும் துருவும் கலந்த, அவள் பிறந்த நாளிலிருந்து சுவாசிக்கிற உப்பு.

"உப்பு உங்கடை கையிலைதான் இருக்கு," என்றாள்.

கிறிஸ்ரோபர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தன்னுடைய விரலைத் தானே புதிதாகக் கண்டவன் மாதிரிப் பார்த்தான். பிறகு அவனுடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது, காது வரைக்கும். ஜெயதீபன் மேசையில் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணியால் துடைக்கத் தொடங்கினான். தலையை நிமிர்த்தவே இல்லை. குடை அம்மாவோ வெட்கம் மானம் ஒன்றும் பாராமல் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றா.

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. பதினொன்று ஐம்பது. இந்த முறை அது நிற்கவில்லை. லவீனா இன்னும் அவனுடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எடுங்கோ என்றோ எடாதேங்கோ என்றோ சொல்லவில்லை. சொல்லவேண்டியது எல்லாம் சொல்லியாகிவிட்டது, கூடவும் சொல்லியாகிவிட்டது. அவன் இடக்கையை விட்டு வளைத்துப் போனை எடுத்தான்.

"ஓம் அண்ணை," என்றான். மற்றப் பக்கம் ஏதோ கதை நீண்டது. அவன் கேட்டுக்கொண்டு நின்றான். லவீனா அவனுடைய முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"இல்லை அண்ணை, என்ரை பெயரை வெட்டிவிடுங்கோ. காசு முடிஞ்சுது. வீட்டுக்குக் கொம்பியூட்டர் ஒண்டு வாங்கியாச்சு."

இன்னும் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அந்த வசனம் காதில் விழுந்ததும் ஜெயதீபன் மட்டும் சட்டென்று பில் புத்தகத்தை இழுத்து எடுத்தான்.

லவீனா கதிரையில் இருந்துவிட்டாள். நான் சொன்னதை மனதில் வைத்திருக்காதேங்கோ என்று மெல்லச் சொன்னாள். கிறிஸ்ரோபர் போனைப் பைக்குள் போட்டான். இனி எதையும் மறைக்கத் தேவையில்லை என்கிற மாதிரி அவளைப் பார்த்தான்.

"நீ சொன்னதிலை பாதி சரிதான். பாதி மனம் போகத்தான் சொன்னது." தன்னுடைய சுட்டுவிரலைப் பார்த்தான். "ஆனால் உப்பைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டன்."

அதைக் கேட்க அவளுக்கு வலித்தது. வலித்தாலும் ஆறுதலாகவும் இருந்தது. மூன்று மாதம் சுவரோடு வாழ்ந்தவளுக்கு ஒரு பாதி மனமாவது கண்ணுக்குத் தெரிகிறது பெரிய விஷயம். மற்றப் பாதியை அவள் மெல்ல மெல்லப் பார்த்துக்கொள்வாள்.

பிறகு கிறிஸ்ரோபர் ஜெயதீபனிடம் போய், தம்பி, குறை நினையாதையும் என்றான். அவனும் பெரிய மனது பண்ணி, பரவாயில்லை அண்ணை, இப்படி ஒரு சோதனை இருக்கிறது தனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்றான். எங்கடை வீடு கடலிலிருந்து நூறு யார் இல்லை, காத்திலேயே உப்பு வரும், இதற்கு உறை மாதிரி ஏதும் இருக்கோ என்று கிறிஸ்ரோபர் கேட்டான். ஜன்னல் பக்கம் வைக்காமல் அறையின் உள்மூலையில் வைக்கச் சொன்னான் ஜெயதீபன், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கொண்டுவந்தால் தானே திறந்து துடைத்துத் தருவதாகவும் சொன்னான். திறக்கத் தனக்கும் தெரியும் என்றான் கிறிஸ்ரோபர். லவீனா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

திருகாணிகளை எல்லாம் பூட்டி, பெட்டியை மட்டைக்குள் இறக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டக் கயிறும் எடுத்தாகிவிட்டது. தூக்கப் போன கிறிஸ்ரோபர் நடுவில் நின்றுவிட்டான். தன்னுடைய இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான்.

"தம்பி, சவுக்காரம் இருக்கோ?"

கடையின் பின்பக்கத்தில் ஒரு பைப் இருந்தது. கதவுக்குள்ளால் லவீனாவுக்கு அவனுடைய முதுகு தெரிந்தது. முழங்கை வரைக்கும் சவுக்காரம் போட்டுத் தேய்த்தான். நகத்துக்குள் நகத்தை விட்டுக் கிண்டினான். கழுவிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சுட்டுவிரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். திரும்பவும் சவுக்காரத்தை எடுத்தான். மூன்றாம் முறை கழுவி, உதறி, சட்டையின் பின்பக்கத்தில் துடைத்த பிறகுதான் வந்து பெட்டியைத் தூக்கினான்.